மத்து போதும்: ரங்கூன் வீட்டில் மாம்பழச் சாறு

ரங்கூனில் மாம்பழம் குவிவதும் கரண்டு அடிக்கடி போவதும் ஒரே காலத்தில்தான். மிக்ஸியை நம்பிப் பழத்தை அறுத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். ஒரு மத்தும் கம்பி வடிகட்டியும் போதும். என்னைக் கேட்டால் ருசியும் இதில்தான் அதிகம். மிக்ஸி காற்றை ஏற்றி நுரையாக்கிவிடும், நாரையும் பொடியாக்கிச் சாற்றோடு கலந்துவிடும்.

இரண்டு டம்ளருக்கு வேண்டியவை: பழுத்த செய்ன் தலோன் ரக மாம்பழம் இரண்டு (600 கிராம் வரை), ஆறிய தண்ணீர் ஒரு டம்ளர், எலுமிச்சை அரை மூடி, உப்பு ஒரு சிட்டிகை.

1. பழம் வாங்குவது

பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும். செய்ன் தலோன் நன்றாகப் பழுத்த பிறகும் தோல் பச்சையாகவே இருக்கலாம், அதனால் நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். காம்புப் பக்கம் மூக்கருகே கொண்டுபோங்கள். வாசனை தூக்கலாக வர வேண்டும். காம்பைச் சுற்றியுள்ள தோள் புடைத்திருந்தால் பழம் மரத்திலேயே முற்றியது. கட்டைவிரலால் லேசாக அழுத்தினால் கொஞ்சம் உள்ளே போக வேண்டும்.

கார்பைட் கல் வைத்துப் பழுக்கவைத்த பழத்துக்கு வாசனையே இருக்காது. வெளியே சீராகப் பழுத்தது போலிருக்கும், அறுத்தால் கொட்டையருகே வெளிறிப் புளிக்கும். தெய்ஞ்சி ஸேயிலோ (நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அது இன்னும் சூரத்தி பஜார்தான்) தெருக்கூடையிலோ எங்கே வாங்கினாலும், காயாக வாங்கி அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தால் இரண்டு மூன்று நாளில் தானாகப் பழுக்கும்.

2. ஊறவைப்பது

காம்பை நறுக்கிவிட்டு அரை மணி நேரம் தண்ணீரில் போடுங்கள். காம்பில் வடியும் பால் உதட்டில் பட்டால் சிலருக்குப் புண்ணாகும். ஊறியபின் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள்.

3. பிசைவது

பழத்தை இரண்டு கைக்கும் நடுவே வைத்து, தோல் கிழியாமல் உருட்டி உருட்டிப் பிசையுங்கள். உள்ளே சதை கூழாவது கைக்கே தெரியும். பிறகு காம்பு முனையில் சின்னத் துவாரம் போட்டுப் பாத்திரத்தில் பிழியுங்கள். தோலை உரித்து, கொட்டையில் ஒட்டியிருப்பதையும் வழித்தெடுங்கள்.

மே மாதக் கடைசியில் மழை பிடித்துவிட்டால் இந்த வழி வேண்டாம். மழைக்காலப் பழத்தில் ஈப்புழு இருக்கும், பிழிந்தால் கண்ணுக்குத் தெரியாது. அப்போது கத்தியால் அறுத்துப் பார்த்து, கரண்டியால் வழித்துக்கொள்வதே நல்லது.

4. கடைவது, வடிகட்டுவது

கூழில் உப்பைப் போட்டு மத்தால் இரண்டு நிமிடம் கடையுங்கள். தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாமல் மூன்று தடவையாக ஊற்றுங்கள், இல்லாவிட்டால் கட்டி கட்டியாக நிற்கும். வடிகட்டியில் ஊற்றிக் கரண்டியின் பின்பக்கத்தால் தேய்த்தால் நார் மேலே தங்கிவிடும். கடைசியாக எலுமிச்சை. அது இனிப்பை எடுத்துக்காட்டும், நிறமும் சீக்கிரம் கறுக்காது.

தண்ணீர் கொதிக்கவைத்து ஆறியதாகவோ கேன் தண்ணீராகவோ இருக்கட்டும். தெருவில் உடைத்து விற்கும் பாளக்கட்டி ஐஸ் மீன் கூடைக்கும் போவதுதான், டம்ளருக்குள் போட வேண்டாம். குளிர்ச்சி வேண்டுமென்றால் பிழிவதற்கு முன் முழுப் பழத்தைக் குளிர வைத்துக்கொள்ளுங்கள்.

இனிப்பு?

நல்ல செய்ன் தலோனுக்குச் சர்க்கரை போடுவது வீண். நாட்டுப் பழம் புளிப்பாக அமைந்துவிட்டால் பகான் பக்கத்துப் பனைவெல்லம் ஒரு கட்டியைச் சுடுதண்ணீரில் கரைத்து, ஆறவைத்து, வடிகட்டிச் சேருங்கள். நிறம் பழுப்பாகும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். பால் ஊற்றினால் அது வேறு பானம், இந்தக் கணக்கில் வராது.

கலக்கிய சாற்றை அன்றைக்கே குடித்துவிட வேண்டும். கரண்டு விட்டு விட்டு வரும் வீட்டில் ஃப்ரிட்ஜை நம்பி மறுநாளைக்கு வைக்காதீர்கள். பழம் மிஞ்சினால் தண்ணீர் சேர்க்காத கூழாக எடுத்து, பாதி எடைக்கு வெல்லம் போட்டு, அடி பிடிக்காமல் சுருளக் கிளறி வையுங்கள். ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளலாம்.