மாதம் தவறாமல் வலிக்கும் சிசேரியன் தழும்பு: என்ன செய்யலாம்?

சிசேரியன் முடிந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். தழும்பும் ஆறி, அதைப் பற்றிய நினைப்பே இல்லாமல் இருப்பீர்கள். அப்போது தழும்பின் ஓரத்தில், பல நேரம் ஏதாவது ஒரு முனையில், கோலிக்குண்டு மாதிரி கெட்டியாக ஒன்று கைக்குத் தட்டுப்படும். பீரியட்ஸ் நாட்களில் வீங்கி வலிக்கும், முடிந்ததும் அடங்கிவிடும். வீட்டில் சொன்னால் "தையல் இழுக்குது" என்பார்கள். ஆறிப்போன தையல் மாதாமாதம் தேதி பார்த்து இழுக்காது.

இதற்குப் பெயர் தழும்பு எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உள்பக்கம் மாதாமாதம் தடித்து உதிரும் சவ்வு இருக்கிறதல்லவா, குழந்தையை வெளியே எடுக்கும்போது அதன் செல்கள் கொஞ்சம் வெட்டுவாயில் ஒட்டிக்கொண்டு அங்கேயே பிழைத்துவிடுகின்றன என்பதுதான் பெரும்பாலானோர் ஏற்கும் விளக்கம். ஹார்மோன் சொல்வதை அவையும் கேட்கும். கருப்பைக்குள் நடப்பது இங்கேயும் நடக்கும், ஆனால் கசியும் இரத்தம் வெளியேற வழி இல்லாததால் சுற்றியுள்ள சதை வீங்கி, நார் பிடித்து, கட்டியாகிவிடுகிறது. சிசேரியன் செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவாகவே வருகிறது. ஆனால் 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட 45 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன்தான், அதனால் இது எங்கேயோ யாருக்கோ வருவது என்று ஒதுக்க முடியாது. கருப்பை அறுவை சிகிச்சைத் தழும்பிலும், லேப்ராஸ்கோபி துளையிலும், சுகப்பிரசவத்தில் போட்ட தையலிலும் வரலாம். அபூர்வமாக, எந்த ஆபரேஷனும் ஆகாதவர்களுக்குத் தொப்புளிலேயே வருவதும் உண்டு.

முதல் வேலை, காலண்டர். பீரியட்ஸ் எந்தத் தேதி, வலி எந்தத் தேதி, கட்டி பெரிதானதா, மேல்தோல் நீலமாகவோ பழுப்பாகவோ மாறியதா, கசிந்ததா என்று இரண்டு மூன்று மாதம் குறித்து வையுங்கள். டாக்டர் முன்னால் "அப்பப்போ வலிக்கும்" என்று சொல்வதற்கும் இந்தத் தாளை நீட்டுவதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. மாதக் கணக்கே இல்லாமல் எப்போதும் வலிப்பவர்களும் நிறைய பேர் உண்டு, அதனால் தேதி பொருந்தவில்லை என்று விட்டுவிட வேண்டாம். அதேபோல கட்டியோடு வாந்தி, காய்ச்சல், தோல் சிவந்து கடும் வலி என்றால் காலண்டரெல்லாம் அப்புறம். சிக்கிக்கொண்ட குடலிறக்கமாகவோ சீழ்க்கட்டியாகவோ இருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

ஸ்கேன் விஷயத்தில் ஒரு சின்ன உஷார். வழக்கமான வயிறு ஸ்கேன் உள்ளுறுப்புகளைத்தான் தேடும், தோலுக்குக் கீழே இருப்பதைக் கவனிக்காமல் தாண்டிவிடலாம். "தழும்பு இருக்கும் வயிற்றுச் சுவரைப் பாருங்கள்" என்று கட்டியைத் தொட்டுக் காட்டுங்கள். வலி இருக்கும் நாளில் போனால் இன்னும் நல்லது. தசைக்குள் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று தெரிய எம்ஆர்ஐ கேட்பார்கள், சிலருக்கு ஊசி வைத்துச் செல் எடுத்துப் பார்ப்பார்கள். சீழ்க்கட்டி என்று நினைத்து யாராவது அவசரமாகக் கீறிவிட வந்தால், முதலில் ஸ்கேன் எடுக்கலாமா என்று கேட்டுவிடுங்கள்.

சிகிச்சைக்கு வருவோம். கருத்தடை மாத்திரை, டையனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரை, ஹார்மோன் ஊசி இவையெல்லாம் வலியைக் குறைக்கும், ஆனால் கட்டியைக் கரைத்துவிடும் என்று நம்பி வருடக்கணக்கில் இருக்க வேண்டாம். நிறுத்தினால் பெரும்பாலும் வலி திரும்பிவிடும். இன்னொரு குழந்தைக்கு முயற்சி செய்பவர்களுக்கு இந்த மருந்துகள் சரிப்படாது, அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முழுத் தீர்வு என்றால் அறுவை சிகிச்சைதான்: கட்டியை மட்டும் தோண்டாமல் சுற்றிலும் சுமார் ஒரு சென்டிமீட்டர் நல்ல சதையோடு சேர்த்து எடுப்பது. அந்த ஓரத்தில் கஞ்சத்தனம் காட்டினால்தான் மறுபடி வரும் வாய்ப்பு கூடுகிறது. தசையின் மேலுறையும் போக வேண்டியிருந்தால் அந்த இடத்தில் செயற்கை வலை (மெஷ்) வைத்துத் தைக்க வேண்டிவரலாம், அதனால் மகப்பேறு மருத்துவரோடு பொது அறுவை மருத்துவரும் இருப்பாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மயக்க மருந்து கொடுக்கும் முன்பே கட்டி இருக்கும் இடத்தைப் பேனாவால் குறிக்கச் சொல்லுங்கள், சின்னக் கட்டி படுத்த பிறகு தேடினால் கிடைக்காமல் கண்ணாமூச்சி ஆடும்.

எடுத்த கட்டி கட்டாயம் பயாப்சிக்குப் போக வேண்டும். மிக மிக அபூர்வமாகப் புற்றுநோயாக மாறுவது உண்டு. பயப்பட அல்ல, அந்த ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கத்தான் சொல்கிறேன். ஓரங்களில் நோய்த்திசு மிச்சம் இல்லை என்று அதில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து, ஃபைலில் வையுங்கள். அடுத்த பிரசவத்துக்கு வேறு டாக்டரிடம் போனாலும் முதல் நாளே அதைக் காட்டிவிடுங்கள்.