நல்ல கை வந்தபோது செய்யும் தவறுகள்: ஆன்லைன் போக்கர் பழகுவோருக்கு

போக்கருக்குப் புதிதாக வருபவர்கள் மோசமான கையில் (கை என்றால் ஒரு ஆட்டத்தில் கிடைக்கும் சீட்டுகள்) இழப்பதைவிட நல்ல கையில்தான் அதிகம் இழக்கிறார்கள். நான் பார்த்தவரை இதுதான் நிலவரம். மோசமான கையை ஃபோல்ட் செய்துவிட்டால், அதாவது சீட்டை வைத்துவிட்டு விலகிவிட்டால், பெரிய நஷ்டம் இல்லை. இரண்டு ஏஸ் வந்துவிட்டால்தான் சிக்கல், கடைசிவரை அதை விட மனசு வராது. இங்கே நான் சொல்வது டெக்சாஸ் ஹோல்டம் ஆட்டத்தைப் பற்றி: ஆளுக்கு 2 சீட்டு, நடுவில் 5 பொதுச் சீட்டு. பொதுச் சீட்டில் முதலில் ஒன்றாக விழும் மூன்றும் ஃபிளாப், நான்காவது டர்ன், ஐந்தாவது ரிவர்.

பழகத் தொடங்கிய நாட்களில் நான் ஆடிய ஒரு கையைச் சொல்கிறேன். பெரிய பிளைண்ட் 20 சிப்ஸ் (பிளைண்ட் என்பது சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாகப் போடும் தொகை; ஒன்று சின்னது, ஒன்று பெரியது). முதலில் முடிவு சொல்ல வேண்டிய இடத்தில் நான். வந்தது ஸ்பேட் ஏஸ், டைமண்ட் ஏஸ். ரைஸ் செய்தால் (தொகையை ஏற்றினால்) எல்லோரும் போய்விடுவார்களே என்று 20 மட்டும் போட்டுக் கால் செய்தேன், அதாவது ஏற்றாமல் சமமாகப் போட்டேன். எனக்குப் பின்னால் இரண்டு பேர் கால் செய்தார்கள், சின்ன பிளைண்ட் போட்டவரும் சேர்ந்துகொண்டார், பெரிய பிளைண்ட் போட்டவர் செக் செய்தார் (மேற்கொண்டு எதுவும் போடாமல் தொடர்ந்தார்). ஆக ஐந்து பேர், நடுவில் 100. ஃபிளாப்பில் ஹார்ட் 9, ஹார்ட் 8, கிளப் 4. நான் 60 போட்டேன், பெரிய பிளைண்ட் மட்டும் கால் செய்தார். டர்னில் ஸ்பேட் 2. அவர் செக் செய்ய, நான் 100 போட, அவர் அதை 300 ஆக்கினார். கையில் ஏஸ் ஜோடி இருக்கிறதே என்று கால் செய்தேன். ரிவரில் கிளப் கிங். அவர் 400 போட்டார், அதற்கும் கால். அவர் காட்டியது 9-ம் 8-ம், இரட்டை ஜோடி. அந்த ஒரு கையில் போனது 780 சிப்ஸ்.

அன்றைக்கு அதை நேரம் சரியில்லை என்று விட்டுவிட்டேன். உண்மையில் அதில் இரண்டு தவறுகள் இருந்தன, இரண்டுமே என்னுடையவை.

முதல் தவறு, ரைஸ் செய்யாமல் உள்ளே போனது. ஏஸ் ஜோடிக்கு எதிரில் ஏதோ இரண்டு சீட்டோடு ஒரே ஆள் இருந்தால், கடைசிவரை போகும்போது 100-க்கு 85 முறை அது ஜெயிக்கும். எதிரில் ஐந்து பேர் இருந்தால் அது 49-க்கு இறங்கிவிடும். ஒன்பது பேர் இருந்தால் 31. ஏஸ் அதே ஏஸ்தான், ஆனால் எதிரில் ஒவ்வொரு ஆள் கூடும்போதும் யாராவது ஒருவருக்கு ஃபிளாப் பொருந்தும் வாய்ப்பு கூடுகிறது. ஆள் கூடினால் நடுவில் தொகையும் கூடுமே என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து பேர் சேர்ந்தும் 100 தான் சேர்ந்தது. ஃபிளாப்புக்கு முன்பே நான் 60 போட்டு ஒரே ஒருவர் கால் செய்திருந்தாலும், பிளைண்டோடு சேர்த்து 130-க்குக் குறையாது. எதிரில் ஒருவர்தான், அதுவும் ஓரளவாவது நல்ல சீட்டு வைத்திருப்பவர். 9-8 வைத்திருந்தவர் 40 சிப்ஸ் கூடக் கொடுத்து ஃபிளாப் பார்த்திருப்பாரா? பார்த்திருக்கலாம். ஆனால் நான் அவரை இலவசமாகவே பார்க்க விட்டேன்.

எவ்வளவு ரைஸ் செய்வது? பெரிய பிளைண்டைப் போல இரண்டரை முதல் மூன்று மடங்கு, ஏற்கெனவே கால் செய்து உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் இன்னொரு மடங்கு. இந்த அளவை எல்லா நல்ல கைக்கும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். ஏஸ் ஜோடிக்கு 200, ஜாக் ஜோடிக்கு 60 என்று ஆடினால் டேபிளில் இருப்பவர்கள் சீக்கிரமே படித்துவிடுவார்கள்.

ஃபிளாப்புக்கு அப்புறமும் இதே கணக்குதான். ஒரே இனத்தில் (இரண்டும் ஹார்ட் என்பதுபோல) இரண்டு சீட்டு விழுந்திருக்கும்போது பதுங்கி ஆடக் கூடாது. ஃபிளஷுக்கு (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) ஒரு சீட்டு குறைவாக இருப்பவருக்கு அடுத்த சீட்டில் அது விழும் வாய்ப்பு 19 சதவீதம், இரண்டு சீட்டும் பார்த்தால் 35. நடுவில் 100 இருக்கும்போது நீங்கள் 20 மட்டும் போட்டால், அவர் 20 கொடுத்து 140-க்கு ஆடுகிறார். 14 சதவீத வாய்ப்பு இருந்தாலே அவருக்குக் கட்டுபடியாகும். 60 போட்டால் அவருக்கு 27 தேவை. சின்னதாகப் போட்டு ஆசை காட்டுகிறோம் என்று நினைத்து மலிவு விலையில் சீட்டு விற்காதீர்கள்.

இரண்டாவது தவறுதான் எனக்கு உண்மையில் வலித்தது: டர்னில் விடாதது. ஃபிளாப் விழுந்தபின் ஏஸ் ஜோடி என்பது வெறும் ஒரு ஜோடி. போக்கர் வரிசையில் கீழிருந்து இரண்டாவது இடம் அதற்கு. ஃபிளாப்பில் சும்மா கால் செய்துவிட்டு, ஒன்றுக்கும் உதவாத 2 விழுந்த டர்னில் ஒருவர் மூன்று மடங்கு ஏற்றுகிறார் என்றால், அவர் என்ன வைத்திருக்க முடியும்? சின்னப் பந்தய டேபிள்களில் இது பெரும்பாலும் இரட்டை ஜோடி, அல்லது அதற்கும் மேல். புதியவர்கள் டர்னில் பொய்யாக ஏற்றுவது அரிது. அந்த இடத்தில் விட்டிருந்தால் எனக்கு 180 தான் போயிருக்கும்.

எந்த ரைஸைக் கண்டாலும் ஓடச் சொல்லவில்லை. ஃபிளாப்புக்கு முன்னால் ஏஸ் ஜோடிக்கு எதிராக யார் எவ்வளவு ஏற்றினாலும் சந்தோஷமாகப் போடுங்கள், அப்போது அதற்கு மேலே கையே கிடையாது. கிங் ஜோடியும் ஏறக்குறைய அப்படித்தான். ஆனால் கிங் ஜோடி வைத்திருக்கும்போது ஃபிளாப்பில் ஏஸ் விழும் வாய்ப்பு 23 சதவீதம். குயீன் ஜோடிக்கு மேலே ஒரு சீட்டாவது விழுவது 41, ஜாக் ஜோடிக்கு 57. அதாவது ஜாக் ஜோடி வந்தால், பாதிக்கு மேற்பட்ட முறை சங்கடமான ஃபிளாப்தான். அதை முதலிலேயே எதிர்பார்த்து உள்ளே போங்கள். ஏஸ்-கிங் இன்னும் வேறு: பார்க்க ராஜா மாதிரி இருக்கும், ஆனால் இன்னும் ஜோடிகூட இல்லை. மூன்று ஃபிளாப்பில் இரண்டில் ஒன்றும் ஒட்டாது. ஒட்டாதபோது இரண்டு பேர் போட்டு ஏற்றிக்கொண்டிருந்தால் பேசாமல் விட்டுவிடலாம்.

ஆன்லைனுக்கே உரிய தொந்தரவுகளும் உண்டு. எதற்கும் கால் என்று முன்கூட்டியே அழுத்தி வைக்கும் பட்டனை நல்ல கையில் தொடவே தொடாதீர்கள். 20 என்று நினைத்து அழுத்தியது, முறை வருவதற்குள் 400 ஆகியிருக்கும். மூன்று டேபிளை ஒன்றாகத் திறந்து வைத்திருந்தால், பொதுச் சீட்டில் மூன்று ஹார்ட் விழுந்ததே கண்ணில் படாது. பழகும்வரை ஒன்று போதும். யோசிக்கக் கொடுக்கும் கூடுதல் நேரத்தைப் பெரிய முடிவுகளுக்கு முழுதாகப் பயன்படுத்துங்கள்.

ஏஸ் ஜோடி சராசரியாக 221 கைக்கு ஒரு முறைதான் வரும். இவ்வளவு நேரம் காத்திருந்தோமே என்ற எண்ணமே அதை விடாமல் பிடித்துக்கொள்ள வைக்கிறது. அந்த எண்ணத்தைக் கவனியுங்கள். எல்லாவற்றையும் சரியாக ஆடினாலும் ஏஸ் ஜோடி கிங் ஜோடியிடம் 100-க்கு 18 முறை தோற்கும். அப்படித் தோற்றால் கோபத்தில் அடுத்த கைக்குப் போகாமல் பத்து நிமிடம் எழுந்து நடந்துவிட்டு வாருங்கள்.

பெரும்பாலான தளங்களில் ஆடிய கைகளின் பதிவு இருக்கும். நான் இப்போதும் அதில் ஏஸ், கிங், குயீன் ஜோடிகளை மட்டும் தேடி எடுப்பேன். தோற்றதா ஜெயித்ததா என்று பார்ப்பதில்லை. ஃபிளாப்புக்கு எத்தனை பேரை உள்ளே விட்டேன், முதல் பெரிய ரைஸ் எதிரிலிருந்து வந்தபோது என்ன செய்தேன் என்று இரண்டை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.