ஜேம்ஸ், சந்தியாகு, யாக்கோபு: ஒரு பெயரின் வேரைத் தேடும் முறை

குடும்பத்தில் வழங்கும் ஓர் ஆண் பெயரின் மூலத்தை அறிய விரும்புபவர், ஆலயத்தின் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டில் அது எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்பதை முதலில் பார்க்க வேண்டும். குமரி மாவட்டத்தில் இதற்குத் தனிப் பயன் உண்டு. போர்த்துகீசியர் காலத்தில் கத்தோலிக்கம் வேரூன்றிய கடற்கரை ஊர்களில் சந்தியாகு என்றும், 1806இல் சீர்திருத்தச் சபை மறைபோதகர் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்தபின் அச்சபை (புராட்டஸ்டன்ட்) பரவிய உள்நாட்டு ஊர்களில் யாக்கோபு, ஜேம்ஸ் என்றும் ஒரே பெயர் வழங்குகிறது.

அடுத்து, அந்த வடிவம் எந்த மொழி வழியாக வந்தது என்பதைக் கண்டு, படிப்படியாகப் பின்னோக்கிச் செல்லுங்கள். எபிரேய யாக்கோவ், கிரேக்கத்தில் இயாக்கோபோஸ் ஆகி, இலத்தீனில் இயாக்கோபுஸ் ஆனது. பிற்கால இலத்தீனில் பகர ஒலி மகரமாகி இயாக்கோமுஸ் என்ற வடிவமும் எழுந்தது. இத்தாலிய ஜாக்கோமோவும், பழைய பிரெஞ்சு வழியாக வந்த ஆங்கில ஜேம்ஸும் இக்கிளையைச் சேர்ந்தவை. இங்கிலாந்தில் 1603இல் அரியணை ஏறிய முதலாம் ஜேம்ஸின் காலம் ஜேக்கபியன் எனப்படுவது இவ்வுறவுக்கு நல்ல சான்று. ஸ்பானியத்தில் ‘புனித’ என்னும் பொருளுடைய சான்ட் என்ற அடைமொழி இயாகோவுடன் ஒட்டிச் சந்தியாகோ ஆயிற்று. அந்தத் தொடரையே வேறு இடத்தில் பிரித்ததால் போர்த்துகீசியத் தியாகோ பிறந்தது. ஆகவே, நம் கடலோரச் சந்தியாகு என்ற பெயருக்குள்ளேயே ‘புனித’ என்னும் அடைமொழியும் அழகாகக் குடியிருக்கிறது.

ஒலி ஒற்றுமையை மட்டும் நம்பிவிடக் கூடாது. பிரெஞ்சு ழாக் யாக்கோபின் வடிவம். ஆங்கில ஜாக் என்பதோ பெரும்பாலும் ஜான் என்பதன் செல்லப் பெயர், அதன் வேர் யோவான்.