என்.எஸ்.ஆர். ராயல்டி: சதவீதத்துக்கு முன் பிடித்தங்களைப் பாருங்கள்

சுரங்க ஒப்பந்தத்தில் ராயல்டி (சுரங்க நிறுவனம் உரிமை உள்ளவருக்குத் தரும் பங்குத் தொகை) "2% என்.எஸ்.ஆர்." என்றிருந்தால், எதில் 2% என்பதுதான் முதல் கேள்வி. உலோகத்துக்கு உருக்காலை தரும் தொகையிலிருந்து ஆலைக் கட்டணங்களும், சரக்கு அங்கே போய்ச் சேரும் செலவும் போக மிஞ்சுவதே நிகர உருக்காலை வருவாய் (Net Smelter Return), சுருக்கமாக என்.எஸ்.ஆர். தோண்டும் செலவு, தாதுவை அரைத்துச் செறிவாக்கும் செலவு, சம்பளம், கடன் வட்டி ஆகியவற்றை வழக்கமாகக் கழிப்பதில்லை. அதனால் சுரங்கம் நஷ்டத்தில் ஓடினாலும் ராயல்டி தந்தாக வேண்டும். விகிதம் பெரும்பாலும் 1 முதல் 3 சதவீதம்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் புரியும். எண்கள் உதாரணத்துக்குத்தான். 25% செம்பு உள்ள செறிவு (அரைத்துச் செறிவாக்கிய தாது), ஈரம் நீங்கலான உலர் எடை 1,000 டன். உருக்காலை 96.5 சதவீதச் செம்புக்கே பணம் தரும். ஆனால் குறைந்தது 1 சதவீதப் புள்ளியாவது கழிக்கும். 25-இல் 96.5% என்றால் 24.125, ஒரு புள்ளி கழித்தால் 24. குறைவானதே செல்லும் என்பதால் பணம் கிடைப்பது 240 டன்னுக்கு. டன் 9,000 டாலர் என்றால் 21,60,000 டாலர்.

இனி பிடித்தங்கள். உருக்கும் கட்டணம் உலர் டன்னுக்கு 80 வீதம் 80,000. சுத்திகரிப்புக் கட்டணம் பவுண்டுக்கு 8 சென்ட். 240 டன் என்பது சுமார் 5,29,109 பவுண்டு, ஆக 42,329. சரக்குக் கட்டணம் மட்டும் ஈர எடைக்கு. 8% ஈரம் இருந்தால் ஏற்றுவது 1,087 டன். டன்னுக்கு 100 வீதம் 1,08,700. மிச்சம் 19,28,971. அதில் 2% சுமார் 38,579 டாலர். ஆர்சனிக் வரம்பை மீறினால் அபராதமும் இதில் கழியும். ஈர எடையையும் உலர் எடையையும் குழப்புவது கணக்குத் தாள்களில் எளிதில் நுழையும் பிழை. முதலில் அதைச் சரிபாருங்கள்.

தகராறு கிளம்புவது பிடித்தப் பட்டியலின் கடைசி வரியில்தான். "இவை போன்ற பிற செலவுகள்" என்று ஒரு வரி இருந்தால் நிர்வாகச் செலவுகூட அதற்குள் புகுந்துவிடும். ராயல்டி பெறுபவர் என்றால் அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள். கழிக்கத்தக்கவை பெயர் சொல்லி வரட்டும்.

உருக்காலை சுரங்க நிறுவனத்துக்கே சொந்தமானால், கட்டணத்தை அவர்களே நிர்ணயிப்பார்கள். தொடர்பில்லாத ஆலை வாங்கும் கட்டணத்துக்கு மேல் கழிக்கக் கூடாது என்று எழுதியாக வேண்டும். சுரங்கத்திலேயே அமிலத்தில் கரைத்துச் செம்புத் தகடு எடுக்கும் இடத்தில் உருக்காலையே கிடையாது; அங்கே எதைக் கழிக்கலாம் என்று ஒப்பந்தம் சொல்லாவிட்டால் வழக்குத்தான். விலையை முன்கூட்டியே பேசி வைக்கும் முன்பேர வணிகத்தின் லாப நஷ்டத்தை வெளியே வைத்து, சந்தை விலையிலேயே கணக்கிடுவது நல்லது.

உருக்காலை முதலில் தற்காலிகத் தொகை தரும். இறுதி எடை, ஆய்வு முடிவு, விலை வந்தபின் நேர்செய்யும். ராயல்டியும் அப்படியே நேர்செய்யப்பட வேண்டும். எனவே காலாண்டுத் தொகையோடு உருக்காலையின் கணக்குத் தாள் நகலையும் கேளுங்கள். தணிக்கை கேட்கும் உரிமைக்கு ஒப்பந்தங்களில் காலக்கெடு இருக்கும். அது தாண்டினால் தவறான கணக்கும் ஏற்கப்பட்டதாகிவிடும்.