டெங்கு மெசேஜ் எழுதும் முன் ஒரு ‘மாதிரி ஆளை’ உருவாக்குவது எப்படி?

போன வருடம் ஐப்பசி மழை தொடங்கும் முன், சென்னையில் வியாசர்பாடிப் பக்கம் சில தெருக்களுக்கு வாட்ஸ்ஆப்பில் டெங்கு தடுப்புச் செய்தி அனுப்பும் வேலையை எங்கள் தன்னார்வக் குழு எடுத்துக்கொண்டது. நான் எழுதிய முதல் செய்தி இது: “வீட்டில் தண்ணீரைத் தேக்கி வைக்காதீர்கள். தேங்கிய நல்ல தண்ணீரில்தான் டெங்கு கொசு வளரும்.” இரண்டு நாள் கழித்து அந்தத் தெருவில் ஒரு அக்கா கேட்டார்: “தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருது தம்பி. தேக்கி வைக்காம எப்படிச் சமைக்கிறது?”

எனக்குப் பதில் தெரியவில்லை. அதை எழுதும்போது என் மனதில் இருந்தது குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டுகிற வீடு. என் வீடு.

பெர்சோனா முறையை நான் கையில் எடுத்தது அதன் பிறகுதான். பலரிடம் நேரில் பேசி, ஒரே மாதிரிப் பழக்கமும் ஒரே மாதிரித் தடையும் உள்ளவர்களை ஒரே ஆளாகத் திரட்டி, ஓர் அட்டையில் எழுதி வைப்பதுதான் பெர்சோனா. நாங்கள் ‘மாதிரி ஆள்’ என்கிறோம். மென்பொருள் வடிவமைப்பவர்களிடம் 1990களின் கடைசியில் பரவிய பழக்கம் இது. சுகாதாரச் செய்திகளுக்கும் அப்படியே பொருந்துகிறது.

முதல் படி: செய்ய வேண்டிய காரியம் ஒன்றே ஒன்று

“டெங்கு விழிப்புணர்வு” என்பது யாரும் செய்யக்கூடிய காரியம் இல்லை. “வாரம் ஒருமுறை டிரம்மைக் கவிழ்த்து உள்சுவரைத் தேய்த்துக் கழுவுவது” என்பது காரியம். ஏன் தேய்க்க வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கேட்பார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உள்சுவரில் முட்டையை ஒட்டி வைக்கிறது. தண்ணீரைக் கொட்டினால் முட்டை போகாது. காய்ந்த முட்டை மாதக்கணக்கில் தாங்கி, மறுபடி தண்ணீர் ஏறியதும் பொரியும். முட்டை கொசுவாக ஏறக்குறைய 7 முதல் 10 நாள் ஆகும். வாரக் கணக்கு அங்கிருந்து வருகிறது.

இரண்டாம் படி: போய்ப் பேசுங்கள்

நாங்கள் 14 பேரிடம் பேசினோம். அடிபம்ப் அருகில், ரேஷன் கடை வரிசையில், சாயங்காலம் வாசலில் பூக்கட்டுகிற இடத்தில். “டெங்கு பற்றித் தெரியுமா?” என்று கேட்காதீர்கள். எல்லாரும் தெரியும் என்பார்கள், பேச்சு அங்கேயே முடிந்துவிடும். நேற்று நடந்ததைக் கேளுங்கள். “நேத்து தண்ணி எத்தனை மணிக்கு வந்துச்சு? எதுல பிடிச்சீங்க? டிரம்மைக் கடைசியா எப்போ கவுத்தீங்க?”

போனில் ரெக்கார்டு செய்வதைவிட எனக்குச் சின்ன நோட்டுப் புத்தகமே பிடிக்கும். போனை நீட்டியதும் பேச்சு மேடைப்பேச்சாகிவிடுகிறது. பெயரும் கதவு எண்ணும் குறிப்பில் வேண்டாம்.

மூன்றாம் படி: ஆட்களைப் பிரிப்பது

நான் இரண்டு வாரம் தவித்தது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதலில் வயது, வருமானம், படிப்பு என்று பிரித்தேன். “35 வயது, இல்லத்தரசி, எட்டாம் வகுப்பு” என்று ஓர் அட்டை. “60 வயது, ஓய்வு பெற்றவர்” என்று இன்னொன்று. ஆறு அட்டை சேர்ந்தது. செய்தி எழுத உட்கார்ந்தால் ஆறுக்கும் ஒரே வாக்கியம்தான் வந்தது. வயதை வைத்து என்ன எழுத முடியும்?

எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ஒவ்வோர் அட்டையிலும் நான்கே கேள்விக்குப் பதில் எழுதினேன். தண்ணீர் எதில் நிற்கிறது? அதைக் கழுவுவது யார்? கழுவ விடாமல் எது தடுக்கிறது? வீட்டு போன் எந்த நேரத்தில் யார் கையில் இருக்கிறது?

நான்காவது கேள்விதான் எல்லாவற்றையும் மாற்றியது. டிரம் கழுவுகிறவரும் போன் வைத்திருப்பவரும் பல வீடுகளில் வேறு வேறு ஆள். ஒரே ஸ்மார்ட்போன், அது காலையில் மகனோடு காலேஜுக்குப் போய்விடுகிறது. இரவு ஒன்பதுக்கு மேல்தான் வீட்டுக்கு வருகிறது. காலை பத்து மணிக்கு நான் அனுப்பிய படம், கழுவ வேண்டியவர் கண்ணில் படவே இல்லை.

கடைசியில் மூன்று அட்டை நின்றது. அட்டைக்கு ஆள் பெயர் வைக்காதீர்கள், அதே பெயரில் தெருவில் ஒருவர் நிச்சயம் இருப்பார். நாங்கள் பட்டப்பெயர் வைத்தோம்: டிரம் அக்கா, மாடி வீட்டு சார், டயர்க்கடை அண்ணன்.

டிரம் அக்காவின் அட்டை இப்படி இருந்தது: “இரண்டு நீல டிரம், நான்கு குடம். கழுவுவது அவரே. தடை: பிடித்த தண்ணீரைக் கொட்ட மனசு வராது, டிரம் மூடி உடைந்துவிட்டது, கார்ப்பரேஷன் ஆள் வந்து மருந்து ஊற்றினால் போதும் என்று நினைக்கிறார். போன்: மகனிடம், இரவு ஒன்பதுக்கு மேல் வீட்டில். எழுத்தைப் படிக்க நேரமில்லை. வாய்ஸ் மெசேஜ் என்றால் வீடே கேட்கும்.”

நான்காம் படி: அட்டையைப் பார்த்துக்கொண்டே எழுதுங்கள்

தண்ணீரைக் கொட்ட மனசு வராது என்ற தடையோடு மோதாதீர்கள், சுற்றிப் போங்கள். தண்ணீர் வருவதற்குச் சற்று முன் டிரம் கிட்டத்தட்டக் காலி. கழுவ அதுதான் நேரம். அதனால் தண்ணீர் வரும் நாளுக்கு முந்தின இரவு ஒன்பதரைக்கு, முப்பது விநாடி வாய்ஸ் மெசேஜ்:

“அக்கா, நாளைக்குத் தண்ணி வர்ற நாள். பிடிக்கிறதுக்கு முன்னாடி அடியில கிடக்கிற தண்ணிய பாத்ரூமுக்கு ஊத்திடுங்க. தேங்கா நாரு போட்டு உள்பக்கம் ஒரு சுத்து அழுத்தித் தேய்ச்சு அலசிடுங்க. பிடிச்சப்புறம் பழைய வேட்டித் துணியால டிரம் வாயை இறுக்கிக் கட்டிடுங்க. தம்பி, இதை அம்மாவுக்குப் போட்டுக் காட்டுப்பா.”

கடைசி வரி மகனுக்கு. அதை விட்டுவிடாதீர்கள்.

மாடி வீட்டு சாருக்குப் படம் போதும். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, ஏசி தண்ணீர் விழும் பக்கெட், பூந்தொட்டித் தட்டு, மூடி விலகிய மாடித் தொட்டி, நான்கிலும் அம்புக்குறி. ஞாயிறு காலையில் அனுப்புங்கள். டயர்க்கடை அண்ணன் வாட்ஸ்ஆப் பார்ப்பதே இல்லை, நேரில் போய்த் தார்ப்பாய் போடச் சொன்னோம். மாதிரி ஆள் செய்து பார்த்தால்தான் எங்கே டிஜிட்டல் வேண்டாம் என்பதும் தெரிகிறது.

காய்ச்சல் வந்த வீட்டுக்குத் தனி அட்டை போடுங்கள். அங்கே ஆளும் வேறு, பயமும் வேறு. டெங்குவில் காய்ச்சல் விடுகிற ஓரிரு நாள்தான் ஆபத்து தலைகாட்டும் நேரம். ஆனால் வீட்டில் நிம்மதியாகிப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதும் அப்போதுதான். “காய்ச்சல் விட்டப்புறம் கடுமையான வயித்துவலி, நிக்காத வாந்தி, மூக்கிலோ ஈறிலோ ரத்தம், ரொம்பச் சோர்வு, இதுல எது இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. 108க்கு அடிங்க” என்பதை முதலில் வையுங்கள். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளைத் தாமாக வாங்கித் தரக் கூடாது என்பதையும் சேருங்கள். இப்படிப்பட்ட செய்தியை ஒரு டாக்டர் பார்க்காமல் அனுப்பாதீர்கள்.

கருவிகள்

கூகுள் ஷீட் ஒன்று, சுவரில் ஒட்ட ஏ4 தாள் மூன்று. வேறெதுவும் வேண்டாம். சிரிக்கும் முகம் வைத்த அலங்கார டெம்ப்ளேட்டுகளில் பாதிப் பக்கம் படத்துக்கே போகிறது, தடையை எழுத இடம் இருக்காது. சாட்பாட்டிடம் மாதிரி ஆளைக் கேட்டு வாங்குவதையும் நான் ஏற்பதில்லை. வியாசர்பாடியில் தண்ணீர் எந்த நாள் வருகிறது என்பது அந்தத் தெருவில் நின்றால்தான் தெரியும்.

ஐந்தாம் படி: போட்டுக் காட்டுங்கள்

மூன்று பேருக்குப் போட்டுக் காட்டி, “புரிந்ததா?” என்று கேட்காமல், “இதைக் கேட்டு நாளைக்கு என்ன செய்வீங்க?” என்று கேளுங்கள். முதல் வடிவத்தில் “மூடி போட்டு வையுங்கள்” என்றிருந்தது. “எந்த மூடி?” என்றார் ஒருவர். வேட்டித் துணி அங்கிருந்து வந்தது.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு இரண்டு பேர், வாட்ஸ்ஆப் பிராட்காஸ்ட் லிஸ்டில் (ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வசதி) அனுப்பியும் பாதிப் பேருக்குப் போய்ச் சேரவில்லை என்றார்கள். உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டும்தான் அது போகும். நேரில் பேசும்போதே எண்ணைச் சேமிக்கச் சொல்லிவிடுங்கள்.

இன்னொருவர், கட்டட வேலைக்கு வந்திருக்கும் வடமாநிலத் தொழிலாளர்களுக்கு டிரம் அக்கா செய்தியை இந்தியில் மாற்றி அனுப்பலாமா என்று கேட்டார். வேண்டாம், அவர்களுக்குத் தனி அட்டை வேண்டும். போன் அவரவர் கையிலேயே இருக்கிறது. ஆனால் தண்ணீர் நிற்பது லிஃப்ட் குழியிலும் கான்கிரீட் நனைக்கிற தொட்டியிலும். அதைக் காலி செய்யச் சொல்ல வேண்டியவர் சைட் சூப்பர்வைசர். வரும் ஞாயிறு இந்தி தெரிந்த நண்பர் ஒருவரோடு இரண்டு சைட்டுக்குப் போகிறோம். அந்த அட்டையை அதற்கப்புறம்தான் எழுத முடியும்.