டாலர் சேமிப்புக்கு வட்டி: அமெரிக்கர் அல்லாதவர் டி-பில் வாங்கும் முறை

அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாமல், வெளிநாட்டில் இருந்துகொண்டு டாலரைச் சேமிப்பவர் வட்டி விகிதத்துக்கு முன் வரிப் பிடித்தத்தைப் பார்க்க வேண்டும். கால் சதவீதம் கூடுதலாகக் கிடைக்கிறதே என்று போய், வந்ததில் 30 சதவீதத்தைப் பிடித்தத்தில் விடுபவர்கள் நிறைய.

அமெரிக்க வங்கி வைப்பு, டி-பில் (அமெரிக்க அரசின் குறுகிய காலக் கடன் பத்திரம்) இரண்டின் வட்டிக்கும் இப்படிப்பட்டவரிடம் அமெரிக்கா வரி பிடிப்பதில்லை. பலரின் பணத்தைத் திரட்டிக் குறுகிய காலக் கடன் பத்திரங்களில் போடும் மணி மார்க்கெட் ஃபண்ட் அப்படியல்ல. உள்ளே இருப்பது அதே டி-பில்தான் என்றாலும், ஃபண்ட் தருவது சட்டப்படி டிவிடெண்ட் (லாபப் பங்கு). அதற்குப் பிடித்தம் 30 சதவீதம்; இந்தியாவில் வசிப்பவருக்கு இரு நாட்டு வரி ஒப்பந்தப்படி 25. அதில் வட்டியிலிருந்து வந்த பகுதிக்கு விலக்கு உண்டு. ஆனால் முதலில் பிடித்துவிட்டு, அடுத்த ஆண்டு திருப்பித் தரும் தரகு நிறுவனங்களும் இருக்கின்றன.

டி-பில் 4 முதல் 52 வாரம் வரை பல கால அளவுகளில் வருகிறது. இடையில் வட்டி வராது. குறைந்த விலைக்கு வாங்கினால் முடிவில் முழு முகமதிப்பு கிடைக்கும். 91 நாள் பில், தள்ளுபடி விகிதம் 4 சதவீதம் என்று வையுங்கள். 10,000 டாலர் பில்லின் விலை 9,898.89, லாபம் 101.11. கணக்கு 360 நாள் ஆண்டுக்குப் போடப்படுவதால், உண்மையான ஆண்டு வருமானம் ஏறக்குறைய 4.1 சதவீதம். வங்கி வட்டியோடு ஒப்பிடும்போது இந்த இரண்டாவது எண்ணையே எடுங்கள்.

டி-பில்லை அரசிடமே வாங்க உதவும் ட்ரெஷரி டைரக்ட் தளத்தில் கணக்குத் திறக்க அமெரிக்க வரி எண், முகவரி, வங்கிக் கணக்கு மூன்றும் வேண்டும். ஆகவே வெளிநாட்டவரை ஏற்கும் தரகு நிறுவனம்தான் வழி.

கணக்குத் திறக்கும்போது, நீங்கள் அமெரிக்கர் அல்ல என்று வரிக்காக உறுதிகூறும் டபிள்யூ-8பென் (W-8BEN) படிவம் கேட்பார்கள். நிரந்தர முகவரியில் அஞ்சல் பெட்டி எண்ணோ நண்பரின் அமெரிக்க முகவரியோ கூடாது; பெரும்பாலான சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. வெளிநாட்டு வரி எண் கேட்கும் இடத்தில் இந்தியர்கள் பான் எண்ணைத் தரலாம். கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பின் மூன்றாவது ஆண்டு டிசம்பர் 31 வரை படிவம் செல்லும்: 2025-இல் போட்டது 2028 இறுதிவரை. காலாவதியானால் விலக்கு போய்ப் பிடித்தம் விழும்.

அடுத்தது ஆர்டர். 13 வார, 26 வார பில்களை அரசு விற்கும் ஏலம் வழக்கமாகத் திங்கள்கிழமை. பில் கைக்கு வருவது வியாழன். சில்லறை முதலீட்டாளர் விகிதம் எதையும் குறிப்பிடாமல், ஏலத்தில் அமையும் விகிதத்தை ஏற்பதாகக் கேட்டால் போதும். பழைய பில்லைச் சந்தையிலும் வாங்கலாம், ஆனால் கமிஷனைப் பாருங்கள்: மேலே சொன்ன 4 சதவீதத்தில் 1,000 டாலருக்கு 13 வாரத்தில் வரும் வட்டியே பத்து டாலர்தான், அதில் ஐந்து கமிஷன் என்றால் பாதி போயிற்று. பணம் எப்போது தேவைப்படும் என்று தெரியாதவர் மூன்றாகப் பிரித்து, மாதம் ஒரு 13 வார பில் வாங்கலாம். நான்காம் மாதத்திலிருந்து மாதாமாதம் ஒரு பங்கு கைக்கு வரும்.

வங்கி வைப்பை விரும்புபவருக்கு எஃப்டிஐசி (அமெரிக்க அரசின் வைப்புக் காப்பீட்டு அமைப்பு) காப்பு ஒரே வங்கியில் ஒருவர் பெயரில் 2,50,000 டாலர் வரை, வெளிநாட்டவருக்கும் உண்டு. அமெரிக்க வங்கியின் வெளிநாட்டுக் கிளையில் போட்ட பணத்துக்குக் கிடையாது.

பலர் கவனிக்காதது எஸ்டேட் வரி. வெளிநாட்டவர் இறந்தால், அமெரிக்கச் சொத்தில் 60,000 டாலருக்கு மேற்பட்டதற்கு 40 சதவீதம் வரை வரி. டி-பில்லும் வங்கி வைப்பும் இந்தக் கணக்கில் சேராது. அமெரிக்க ஃபண்ட் யூனிட்டுகள் சேரலாம்.

வெளிநாடுவாழ் இந்தியருக்கு இந்திய வங்கிகளின் எஃப்சிஎன்ஆர் (வெளிநாட்டு நாணய) வைப்பும் இருக்கிறது: 1 முதல் 5 ஆண்டு, டாலரிலேயே, இந்தியாவில் வரியில்லை. ஓராண்டுக்குள் உடைத்தால் வட்டியே இல்லை. வைப்புக் காப்பீடும் 5 லட்சம் ரூபாய்தான். இந்தியாவிலேயே வசிப்பவர் டி-பில் லாபத்தை இந்திய வருமானத்தில் சேர்த்து, வெளிநாட்டுச் சொத்து அட்டவணையிலும் காட்ட வேண்டும்.