கோட்டைக் கொத்தளத்தில் சிலம்பம்: வேற்றுக்கோள் படையை எதிர்க்கும் பத்து விநாடிச் சண்டையை அனிமேஷனாக வரைவது எப்படி?

பூமியைக் கைப்பற்ற வேற்றுக்கோளிலிருந்து ஒரு படை வருகிறது, தற்காப்புக் கலை கற்ற ஒருவர் அதை எதிர்த்து நிற்கிறார் என்ற கதையை ஜப்பானிய அனிமேஷன் படங்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லி வருகின்றன. அவற்றைப் பார்த்து வரையத் தொடங்கும் நம் பிள்ளைகள் அந்தப் படங்களின் உடைகளையும் முடியலங்காரத்தையும் அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் இந்தக் கதைக்கு வேண்டிய அனைத்தும் பழைய வட ஆர்க்காட்டு மண்ணிலேயே இருக்கின்றன. படை வருவதை முதலில் காண்பதற்கு ஜவ்வாது மலையில் காவலூர் வைனு பாப்பு வானாய்வகம் இருக்கிறது, அங்கே 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடி பொருத்திய தொலைநோக்கி 1986 முதல் இருக்கிறது, ராமானுஜன் பெயர் சூட்டப்பட்ட சிறுகோளும் 1988இல் அங்கிருந்துதான் கண்டறியப்பட்டது. படை வந்து இறங்குவதற்கு, அகழி சூழ்ந்த வேலூர்க் கருங்கல் கோட்டை இருக்கிறது. எதிர்த்து நிற்பவர் கையில் சிலம்பக் கம்பு இருக்கட்டும்.

அப்படி ஒரு காட்சியை நான் வரைந்து முடித்த முறையை இங்கே எழுதுகிறேன். மென்பொருளை நிறுவுவது, லேயர் சேர்ப்பது, கோப்பைச் சேமிப்பது போன்றவற்றை நீங்கள் அறிவீர்கள் என்று கொண்டு அவற்றைத் தவிர்த்துவிடுகிறேன்.

முதல் படி: மென்பொருளைத் தேர்ந்தெடுத்தல்

முதல் முயற்சிக்கு க்ரிட்டா என்ற ஓவிய மென்பொருளையே பரிந்துரைக்கிறேன். அது இலவசம், ஓவியம் வரையும் பழக்கமுள்ளவருக்கு அதன் தூரிகைகள் உடனே கைக்கு வசப்படும். 2016இல் திறமூலமாக வெளியிடப்பட்ட ஓப்பன்டூன்ஸ் அதைவிட வலிமையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. வண்ணத் தட்டில் ஒரு நிறத்தை மாற்றினால் எல்லா வரைபடங்களிலும் அந்த நிறம் மாறிவிடும் வசதி நீண்ட படங்களுக்கு மிகவும் தேவை. எனினும் அதன் திரை அமைப்பைப் புரிந்துகொள்வதிலேயே புதியவரின் ஊக்கம் கரைந்துவிடும் என்பதால், இரண்டாவது படத்துக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

க்ரிட்டா வரைபடங்களைக் கணினியின் நினைவகத்தில் ஏற்றி வைத்துக்கொள்வதால், கோப்பை 1280 × 720 அளவில் தொடங்குங்கள். விநாடிக்கு 24 ஃபிரேம், அதாவது திரையில் அடுத்தடுத்து வரும் 24 நிலைப்படங்கள், என்று அமையுங்கள். பத்து விநாடிக்கு 240 ஃபிரேம் ஆகும். ஒவ்வொரு வரைபடத்தையும் இரண்டு ஃபிரேம் நேரம் நிறுத்தினால் 120 வரைபடங்கள் போதும். ஒருவர் தனியாகச் செய்து முடிக்கக்கூடிய அளவு அதுவே.

இரண்டாம் படி: எதிரியை வடிவமைத்தல்

வேற்றுக்கோள்வாசிக்குக் கால் வரையாதீர்கள். அது தரையிலிருந்து ஒரு முழம் மேலே மிதக்கட்டும். கால் ஊன்றி நடக்கும் இரண்டு உருவங்களை ஒரே காட்சியில் அசைப்பது தொடக்கநிலையில் பெரும் சுமை. எதிரி மிதந்தால் உங்கள் உழைப்பு முழுவதும் சிலம்பக்காரருக்குப் போய்ச் சேரும். மண்ணில் கால் பதித்தவருக்கும் மண்ணைத் தொடாதவருக்கும் இடையே நடக்கும் சண்டை என்பது வசனம் இல்லாமலே பார்ப்பவருக்கு விளங்கியும்விடும்.

மூன்றாம் படி: பார்த்து வரைவதற்கான காணொளி

கற்பனையில் கம்பு சுற்றாதீர்கள். சிலம்பம் பயிலும் ஒருவரிடம், அவர் சிறுவர் என்றால் பெற்றோரிடமும் ஆசானிடமும், இசைவு பெற்று அவருடைய காலடி வரிசையையும் வீச்சையும் கைபேசியில் படம் பிடியுங்கள். கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால், முக்காலியோடு அங்கே போகாமல் அவர் வழக்கமாகப் பயிலும் திடலிலேயே எடுப்பது நல்லது. பின்னணியைப் பிறகு வரைந்துகொள்ளலாம்.

ஸ்லோ மோஷனில் விநாடிக்கு 120 ஃபிரேம் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். 120ஐ 24 மீதியின்றி வகுக்கும். ஆகவே ஒவ்வொரு ஐந்தாவது ஃபிரேமையும் எடுத்தால் உங்கள் படத்துக்குரிய வேகம் அப்படியே கிடைத்துவிடும். 60 ஃபிரேமில் எடுத்தால் இரண்டரைக்கு ஒன்று என்று வரும், கணக்கு ஒட்டாது. வேலூர் வெயில் இந்த வேலைக்கு உதவி. வெளிச்சம் மிகுந்திருக்கும்போது கேமரா ஷட்டரை மிகக் குறைந்த நேரமே திறப்பதால், வேகமாகச் சுழலும் கம்பும் கலங்காமல் கோடாகப் பதியும். மாலை மங்கலில் எடுத்த காணொளியில் கம்பு இருக்கும் இடத்தில் புகைபோன்ற ஒரு தடம் மட்டுமே இருக்கும். கணினியில் விஎல்சி பிளேயரில் காணொளியைத் திறந்து, 'E' என்ற ஆங்கில எழுத்துள்ள விசையை அழுத்தினால் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பார்க்கலாம்.

நான்காம் படி: கம்பைச் சுழற்றுதல்

என் வேலை நெடுநாள் நின்றுபோனது இந்தப் படியில்தான். பிற விளக்கங்களில் இதற்கு விடை கிடைக்காததால் விரிவாக எழுதுகிறேன்.

வாளுக்குப் பிடி ஒன்று, நுனி ஒன்று. கம்புக்கு இரண்டு முனைகளும் ஒன்றுபோலவே இருக்கும். நடுவில் பிடித்துச் சுழற்றும்போது, 180 பாகை திரும்பிய கம்பு திரும்பாத கம்பைப் போலவே தோன்றும். எனவே ஒரு வரைபடத்துக்கும் அடுத்த வரைபடத்துக்கும் இடையே 90 பாகை திருப்பினீர்கள் என்றால், கம்பு வலப்பக்கம் சுழல்கிறதா இடப்பக்கம் சுழல்கிறதா என்பதைக் கண்ணால் முடிவு செய்ய இயலாது. அது சிலுவைபோல் துடித்துக்கொண்டு நிற்கும். 90 பாகையைத் தாண்டி 120 பாகை திருப்பினால், கண் எப்போதும் அருகில் உள்ள நிலையையே தேடுவதால், கம்பு 60 பாகை பின்னோக்கிச் சுழல்வதாகத் தெரியும். வரைந்தவர் வேகத்தைக் கூட்டக் கூட்டக் கம்பு எதிர்த்திசையில் ஓடத் தொடங்குவதற்குக் காரணம் இதுவே. பழைய படங்களில் வண்டிச் சக்கரம் பின்னோக்கி உருள்வதும் இதே காரணத்தால்தான்.

தீர்வு மூன்று பகுதிகளாக அமையும். முதலாவதாக, வரைபடத்துக்கு 45 பாகைக்கு மேல் திருப்பாதீர்கள். 0, 45, 90, 135 என்று நான்கு வரைபடங்களில் அரைச்சுற்று முடிந்துவிடும். கம்பின் வடிவம் திரும்பவும் தொடக்க நிலைக்கே வருவதால் அந்த நான்கையே மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம். கம்பைத் தனி லேயரில் வைத்து, அந்த லேயரில் மட்டும் வரைபடத்துக்கு ஒரு ஃபிரேம் என்று ஓடவிட்டால் விநாடிக்கு மூன்று சுற்றுகள் கிடைக்கும். உடலை வழக்கம்போல் இரண்டு ஃபிரேமுக்கு ஒன்றாகவே வைத்துக்கொள்ளலாம், கண் அதைப் பொருட்படுத்துவதில்லை.

இரண்டாவதாக, மூன்று சுற்றுக்கும் மேல் வேகம் வேண்டுமென்றால் கோடாக வரைவதைக் கைவிட்டு, கம்பு கடந்துவந்த பரப்பை விசிறி வடிவில் வரையுங்கள். பிடிக்கும் இடத்தில் விசிறி குறுகி, முனையை நோக்கி விரிய வேண்டும். முன்விளிம்பு கூர்மையாகவும் பின்விளிம்பு கிழிந்தாற்போல் மங்கியும் இருந்தால், திசை பற்றிய குழப்பம் அறவே நீங்கும். விசிறி மட்டுமே தொடர்ந்து வந்தால் மின்விசிறிபோல் உயிரற்றுப் போய்விடும். ஆகவே ஆறு ஏழு ஃபிரேமுக்கு ஒருமுறை முழுக்கம்பையும் தெளிவாகக் காட்டுங்கள்.

மூன்றாவது, ஒரு முனையில் மட்டும் பித்தளைப் பூண் வரைவது. இரு முனைகளும் வேறுபடுவதால் கணக்குப்படி எல்லை 90 பாகையிலிருந்து 180 பாகையாக உயர்கிறது. ஆயினும் கண் சிறிய பூணைவிட நீண்ட கோட்டையே பின்பற்றுகிறது என்பதால், இதை மட்டும் நம்ப வேண்டாம். முதல் இரண்டுக்கும் துணையாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: அடி விழும் கணம்

அடியின் வலிமை, அதற்கு முன்னும் பின்னும் எத்தனை ஃபிரேம் செலவிடுகிறீர்கள் என்பதில் இருக்கிறது. நான் கையாளும் பகிர்வு இது: இடுப்பைத் திருப்பிக் கம்பைப் பின்னுக்கு இழுக்க 8 ஃபிரேம், வீச்சுக்கு 2 ஃபிரேம், கம்பு எதிரியின் மேல் பட்டதும் இருவரையும் அசைவின்றி நிறுத்த 4 ஃபிரேம், எதிரி தெறித்து விலக 6 ஃபிரேம். அந்த 4 ஃபிரேம் நிறுத்தத்தை நீக்கிவிட்டு ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள். அதே வரைபடங்களில் அடி பஞ்சில் பட்டதுபோல் ஆகிவிடும். வீச்சுக்கு நடுவே கூடுதல் வரைபடங்களைச் சேர்த்து அழகுபடுத்தும் ஆசை வரும். சேர்க்கச் சேர்க்க வேகம் குறையும் என்பதால் அந்த ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள்.

எதிரி ஒளிக்கற்றை வீசும் இடத்தில் திரை முழுவதையும் வெள்ளையாக மின்ன வைப்பது வழக்கம். அதை விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் செய்யக்கூடாது. 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு தொலைக்காட்சி அனிமேஷன் நிகழ்ச்சியில் சிவப்பும் நீலமும் விரைவாக மாறிமாறி மின்னியதால், நூற்றுக்கணக்கான குழந்தைகளை மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல நேர்ந்தது. நம் காணொளியையும் பெரும்பாலும் குழந்தைகளே பார்க்கப் போகிறார்கள். திரை முழுவதும் மின்னுவதற்குப் பதிலாகக் கோட்டைச் சுவரில் மட்டும் ஒளி படர்ந்து மறைவதாக வரைந்தால் ஆபத்தும் குறையும், காட்சிக்கு ஆழமும் கூடும்.

வாசகர் கேள்விகளுக்குப் பின் சேர்த்தவை

கைபேசியில் பார்க்கும்போது கம்பு மறைந்துவிடுகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். காணொளியைச் சுருக்கும்போது, நுணுக்கம் நிறைந்த பின்னணியின் மேல் விரைந்து நகரும் மெல்லிய கோடுதான் முதலில் கரைந்து போகும். கம்பின் தடிமனைக் குறைந்தது எட்டுப் பிக்சலாக வையுங்கள். கருங்கல் சுவரின் ஒவ்வொரு கல்லையும் வரையாமல், திரையின் ஓரங்களில் மட்டும் கல்வரிசையைக் காட்டிவிட்டு, சண்டை நடக்கும் நடுப்பகுதியை வெளிர் சாம்பல் நிறத்தில் வெறுமையாக விடுங்கள். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் கோபுரத்தைப் பின்னணியில் வரைய விரும்புவோர் அதைக் கம்பு சுழலும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

சிலம்பக்காரர் பனியில் வழுக்குவதுபோல் நகர்கிறார் என்பது இன்னொருவரின் கேள்வி. ஊன்றிய பாதம் ஊன்றிய இடத்திலேயே இருக்க வேண்டும். தனி லேயரில் பாதம் விழும் புள்ளிகளுக்குச் சிறு பெருக்கல் குறிகள் இட்டு, உடல் எடை அந்தக் காலில் இருக்கும் வரை எல்லா வரைபடங்களிலும் குதிகாலை அந்தக் குறியின் மேலேயே வரையுங்கள். இந்தக் கேள்வி வந்த பிறகு, இப்போது நான் காலடி வரிசையை முதலில் முழுவதுமாக வரைந்து சரிபார்த்துவிட்டே மேலுடலைத் தொடுகிறேன். உங்களுக்கும் அந்த வரிசையே எளிதாக இருக்கும்.

ஆறாம் படி: ஒலியும் வெளியீடும்

கம்பின் ஓசையை ஆயத்த ஒலித்தொகுப்பில் தேடாதீர்கள். ஆசான் வீசும்போது கைபேசியைப் பாதுகாப்பான தொலைவில் வைத்துப் பதிவு செய்யுங்கள். அந்த விர்ரென்ற ஒலியை எந்தத் தொகுப்பும் தராது. அடி விழும் ஒலிக்கு, மணல் மூட்டையின் மேல் கம்பால் தட்டிய ஓசை போதும். ஒலியைத் திருத்தும் மென்பொருளான ஆடாசிட்டியில், தொடக்கத்தில் உள்ள வெற்று ஒலியை வெட்டிவிட்டு, நிறுத்தம் தொடங்கும் முதல் ஃபிரேமிலேயே அடியின் ஒலி தொடங்குமாறு வையுங்கள். ஒரு ஃபிரேம் முன்னால் வந்தாலும் அது அந்த அடியோடு சேராது.

ஒலியைச் சேர்க்கக் கைபேசியில் உள்ள எடிட்டிங் செயலியைப் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவற்றில் பல விநாடிக்கு 30 ஃபிரேம் என்றே தாமாக அமைந்திருக்கும். 24ஐ 30 ஆக்கும்போது செயலி நான்கு ஃபிரேமுக்கு ஒன்றை இரட்டிப்பதால், நான்காம் படியில் நீங்கள் பாடுபட்டுச் சீராக்கிய கம்பின் சுழற்சி விட்டுவிட்டு இழுக்கும். திட்டத்தைத் திறந்ததும், எதையும் சேர்ப்பதற்கு முன்பே, அந்த அமைப்பை 24க்கு மாற்றிவிடுங்கள். ஏற்றுமதி செய்யும் பக்கத்திலும் அதே எண் இருக்கிறதா என்று இன்னொரு முறை பாருங்கள்.